கூலிக்கு மாரடிப்பு

நமது நடுத்தர வர்க்கத்து வீடுகளில் சமீப காலமாக ஒரு புதிய தெய்வம் குடியேறியிருக்கிறது. அதற்குக் கோயில் வேண்டியதில்லை, தீபாராதனை வேண்டியதில்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னாலோ கைபேசியின் முன்னாலோ உட்கார்ந்தால் போதும், தரிசனம் கிடைத்துவிடும். அந்தத் தெய்வம் சிரிக்காது. சரியாகத் தூங்காது, வேளைக்குச் சாப்பிடாது. மனைவி விட்டுப் போயிருப்பாள். அல்லது கணவன் விட்டுப் போயிருப்பான். பெற்ற பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டால் எடுத்துப் பேச அதற்கு நேரமிராது. ஆனால் கொட்டுகிற மழையில் நின்றுகொண்டு, சதுப்பு நிலத்தில் கிடக்கும் ஒரு பிணத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்க நேரமிருக்கும். பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விடும். அந்தப் பெருமூச்சில் நாமும் கலந்துகொண்டு, "ஆகா, என்ன ஆழம்!" என்கிறோம்.

சோகமே உருவான துப்பறிவாளரைத்தான் சொல்லுகிறேன். ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் பிறந்து, உலகத்தையெல்லாம் சுற்றி, இப்போது தமிழிலும் பேசத் தொடங்கிவிட்ட அந்தக் கதாபாத்திரத்தை.

நான் இருப்பது புதுச்சேரியில், சாரத்தில். சித்திரை மாதம் இரவு பத்து மணிக்கும் மொட்டை மாடித் தரை காலைச் சுடுகிற ஊர் இது. இங்கே மின்விசிறியை ஐந்தில் வைத்துக்கொண்டு, ஸ்வீடன் நாட்டுப் பனியை விடிய விடியப் பார்க்கிறவர்கள் எனக்குத் தெரிந்தே பல பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், நன்றாகப் படித்த பிள்ளை, வங்கியில் வேலை பார்க்கிறவர், ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "அந்த ஊர்க்காரங்களுக்குத்தான் சார் துக்கம்னா என்னன்னு தெரியுது. நம்ம ஆளுங்களுக்கு அழ மட்டும்தான் தெரியும்."

அவர் பேசியது அவர் ஒருவருடைய அபிப்பிராயம் அல்ல. ஒரு தலைமுறையின் அபிப்பிராயம். ஆகவே பதிலைப் பகிரங்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில், இந்தத் தொடர்களைக் கண்டு முகம் சுளிக்கும் பெரியவர்கள் என்னைத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொள்ள வேண்டாம். "வீட்டில் இருக்கிற கஷ்டம் போதாதா? கொலையும் இருட்டும் எதற்கு? பிள்ளைகள் கெட்டுப்போகாதா?" என்பது அவர்கள் வாதம். இருட்டைக் காட்டினால் மனிதன் கெட்டுப்போவான் என்றால் உலகத்து இலக்கியத்தில் பாதியைக் கொளுத்த வேண்டியதுதான். கொலையைப் பற்றிய கதை கீழான கதை என்றும் நான் நினைக்கவில்லை. ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் உயிரை எடுக்கிறான் என்பதைவிடப் பெரிய விஷயம் கதைக்கு என்ன இருக்கிறது? என் சண்டை இருட்டோடு அல்ல. அந்த இருட்டில் நாம் எவ்வளவு சுகமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறோம் என்பதோடுதான்.

மூலக் கதைகளைப் பார்ப்போம். ஸ்வீடனில் மை ஷோவால், பெர் வாலூ என்ற இருவர், கணவன் மனைவியைப் போல் வாழ்ந்தவர்கள், 1965 முதல் 1975 வரை பத்து நாவல்களைச் சேர்ந்து எழுதினார்கள். மார்ட்டின் பெக் என்ற போலீஸ்காரர்தான் நாயகர். அவருக்கு ஓயாமல் வயிற்றுக் கோளாறு, இல்லறத்தில் இன்பமில்லை. இன்றைக்கு நாம் பார்க்கிற சோகத் துப்பறிவாளர்களுக்கெல்லாம் பாட்டன் அவர்தான். ஆனால் அந்த எழுத்தாளர்கள் அவருடைய வயிற்று வலியைச் சொல்வதற்காகப் பத்து நாவல் எழுதவில்லை. பத்துக்கும் சேர்த்து 'ஒரு குற்றத்தைப் பற்றிய நாவல்' என்று பொதுப்பெயர் வைத்தார்கள். பத்துக் கதையில் பத்துக் குற்றம் நடக்கிறது. பெயரில் மட்டும் ஏன் ஒரு குற்றம்? அவர்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது தங்கள் தேசத்தையே. எல்லாருக்கும் எல்லாம் கொடுத்துவிட்டோம் என்று மார்தட்டிய அரசாங்கம், யாரை எங்கே கைவிட்டது என்பதுதான் அவர்கள் துப்பறிந்த விஷயம்.

பிறகு ஹென்னிங் மான்கெல் வந்தார். ஆப்பிரிக்காவில் வெகுகாலம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய அவர், அந்நியரைக் கண்டு வெறுக்கும் குணம் தன் நாட்டில் தலையெடுத்திருப்பதைப் பார்த்தார். அந்தக் கவலையிலிருந்து பிறந்தவர் வாலண்டர் என்ற போலீஸ்காரர். 1991-இல் முதல் நாவல் வந்தது. வாலண்டரும் துக்கப்படுகிறவர்தான். அவர் துக்கத்துக்கு ஒரு விலாசம் உண்டு: 'என் நாடு இப்படி ஆகிவிட்டதே' என்பதே அது.

2007-இல் டென்மார்க் தொலைக்காட்சியில் 'தி கில்லிங்' என்று உலகம் இன்று அறிந்திருக்கும் தொடர் வந்தது. ஒரு பெண்ணின் கொலை, இருபது பகுதிகள், ஒவ்வொரு பகுதியும் ஒரு நாள். இருபது நாளும் கதை போலீஸ் அதிகாரி சாரா லுண்டின் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கவில்லை. செத்த பெண்ணின் வீட்டுச் சமையலறையில் பாதி நேரம் உட்கார்ந்துவிடுகிறது. அவள் தகப்பன் சாமான் ஏற்றி இறக்கும் லாரி கம்பெனி வைத்திருப்பவன். தாய், இரண்டு சின்னப் பையன்கள். மகள் போன பிறகு அந்தத் தாய் அடுப்படியில் எப்படி நிற்கிறாள், தம்பிகளிடம் எப்படிச் சொல்கிறார்கள், சவ அடக்கத்துக்கு என்ன உடுப்பு எடுக்கிறார்கள் என்பதையெல்லாம் காட்டுகிறது. சாதாரணத் துப்பறியும் கதையில் பிணம் என்பது ஒரு கதவு. அதைத் திறந்துகொண்டு கதை உள்ளே போய்விடும், பிறகு அந்தக் கதவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தத் தொடர் அந்தக் கதவை மூட மறுத்தது. அதுதான் அதன் பெருமை.

ரசிகர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? சாரா லுண்ட் போட்டிருந்த ஸ்வெட்டரை! இங்கிலாந்தில் அந்தத் தொடர் ஒளிபரப்பானபோது அந்த மாதிரிக் கம்பளிச் சட்டைக்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டது. இங்கிலாந்துக்காரனாவது குளிருக்குப் போட்டுக்கொண்டான். சாரத்தில் கம்பளிச் சட்டை போட முடியாது. ஆகவே நாம் முகத்தை எடுத்துக்கொண்டோம். அந்த வாட்டத்தை, அந்தப் பெருமூச்சை.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். அதே முகம் அங்கே செய்கிற வேலையையே இங்கேயும் செய்கிறதா?

டென்மார்க், ஊழல் குறைந்த நாடுகளின் பட்டியலில் வெகுகாலமாக முன்வரிசையில் நிற்கிற நாடு. கொலை அபூர்வம். போலீஸ்காரர் வாசலில் வந்து நின்றால் அங்கே அநேகமாக யாருக்கும் நெஞ்சு படபடப்பதில்லை. அப்படிப்பட்ட தேசத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறவனிடம் போய், 'உன் வீட்டுக்குள்ளும் இருட்டு இருக்கிறது. நீ நம்புகிற நகர சபைக்குள்ளும் இருக்கிறது. உன் போலீஸ்காரிக்கே இந்தப் பாரம் தாங்கவில்லை பார்' என்று சொல்வது ஒரு துணிச்சல். ஸ்வீடனின் பிரதம மந்திரி உலோஃப் பால்மே, 1986 பிப்ரவரி 28-ஆம் தேதி இரவு, மனைவியோடு சினிமா பார்த்துவிட்டு மெய்க்காப்பாளர் இல்லாமல் தெருவில் நடந்து வரும்போது சுடப்பட்டு இறந்தார். பிரதம மந்திரி தனியாக நடந்து போகலாம் என்று நம்பிய தேசம் அது. 34 ஆண்டுகள் புலன் விசாரணை நடந்தது. 2020 ஜூனில் அரசு வழக்கறிஞர் வழக்கை முடித்துவைத்தார். அவர் சுட்டிக்காட்டிய மனிதர் அதற்கு வெகு முன்பே இறந்துபோயிருந்தார். இப்படி ஒரு ரணம் உள்ளே இருக்கிற சமூகத்துக்கு வாலண்டரின் துக்கம் வேஷமாகத் தோன்றாது. நிம்மதியாக இருப்பவனின் நிம்மதியைக் கெடுப்பது அங்கே அந்த முகத்தின் வேலை.

அதே 2020 ஜூனில் நம் பக்கத்தில் என்ன நடந்தது? சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று ஒரு தகப்பனையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் இருவரும் பிணமானார்கள். 2025 ஜூனில் திருப்புவனத்துப் பக்கம் ஒரு கோயில் காவலாளி, நகை காணவில்லை என்ற புகாரில் விசாரணைக்குப் போனவர், உயிரோடு திரும்பவில்லை. இவை இருட்டான தொடர்களில் வந்தவை அல்ல, காலைப் பத்திரிகையில் வந்தவை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் இன்னும் பழைய ஞாபகம் ஒன்றும் உண்டு. 1908-இல் பாரதி பிரிட்டிஷ் சர்க்காரின் பிடியிலிருந்து தப்பி இந்தப் பிரெஞ்சு ஊருக்கு வந்தார். பின்னாலேயே ஒற்றர்களும் வந்தார்கள். பத்து வருஷம் அவர் போகிற இடமெல்லாம் நிழலாகத் தொடர்ந்தார்கள். 1918-இல் அவர் எல்லையைத் தாண்டியதும் கடலூரில் கைது. 'சி.ஐ.டி.' என்ற மூன்று எழுத்து இந்த ஊரில் முதன்முதலாக என்ன அர்த்தத்தில் நுழைந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமா?

நம் கதைகளையும் பாருங்கள். தமிழன் மனமுவந்து கொண்டாடிய துப்பறிவாளர்கள் யார்? தேவனின் சாம்பு ஓர் அசட்டு வங்கி குமாஸ்தா. அதிர்ஷ்டம்தான் அவருக்குத் துப்புக் கொடுத்தது. தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர்க் கோப்பையோடு உலகம் சுற்றிய தனி மனிதர். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள். போலீஸ் வாயிலிருந்து மனிதனை மீட்பவர்கள். இவர்களில் எவருக்கும் காக்கி மாட்டிவிடவில்லை. இந்த எழுத்தாளர்கள் கூடிப் பேசி எடுத்த தீர்மானம் அல்ல இது. காக்கிச் சட்டை போட்ட ஒருவனை வாசகன் வீட்டுக்குள் கூட்டிப்போனால் அந்த வீட்டு அம்மாள் தலைப்பை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள் என்று அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இந்த மண்ணில்தான் இப்போது காக்கிச் சட்டை போட்ட சோக புருஷன் வந்து நிற்கிறான். அவன் யாரையும் அடிப்பதில்லை, லஞ்சம் வாங்குவதில்லை. யாரோ ஓர் ஏழைப் பெண்ணின் சாவுக்காக ராத்தூக்கம் கெட்டு, வீட்டை மறந்து, உத்தியோகத்தை இழக்கவும் சித்தமாக இருக்கிறான். நம் ஊர்க் காவல் நிலையத்துப் படியை ஒரு தடவையாவது ஏறியவர்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்: இது யதார்த்தமா, தேவதைக் கதையா? டென்மார்க்காரனுக்கு அந்த முகம் ஒரு சந்தேகம். நமக்கு அதே முகம் ஓர் ஆறுதல். அவனை அது எழுப்புகிறது, நம்மைத் தாலாட்டுகிறது. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் 'உலகத்தரம்' என்று கைதட்டுகிறவர்களோடுதான் எனக்கு வழக்கு.

தமிழில் மாரடிப்பு என்று ஒன்று உண்டு. கூலிக்கு மாரடிப்பது என்று ஒரு வசவும் உண்டு. சாவு வீட்டுக்காரர்களுக்கு அழத் தெம்பில்லாமலோ மனமில்லாமலோ போனால், பணம் கொடுத்து ஆளை வைத்து அழச் சொல்வது. சோகத் துப்பறிவாளன் இன்றைக்கு நமக்குச் செய்வது அதையேதான். யாரோ ஒரு பெண் செத்துப்போனாள், அவளுக்காக நாம் துக்கப்பட வேண்டும், நமக்கு நேரமில்லை. மாதச் சந்தாவைக் கட்டிவிட்டால் நமக்குப் பதிலாக ஓர் அழகான நடிகர் துக்கப்பட்டுவிடுகிறார். எட்டுப் பகுதி முடிந்ததும் மனசு லேசாகிவிடுகிறது. செத்தவள் பெயர் மறந்துவிடுகிறது.

நம் ஆட்களுக்கு அழ மட்டும்தான் தெரியும் என்றாரே அந்தப் பிள்ளை, அவருக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. நம் ஒப்பாரியை உட்கார்ந்து கேட்டிருக்கிறாரா? அது வெறும் அழுகை இல்லை. செத்தவனை வைத்தியனிடம் கொண்டுபோகாதவன் யார், பங்கைக் கொடுக்காத அண்ணன் யார், வாழவந்தவளைப் பட்டினி போட்ட மாமியார் யார் என்று பிணத்தின் முன்னால், ஊர் முன்னால், ராகம் போட்டுக் கேட்டுவிடுவார்கள் நம் பெண்கள். விசாரணை அங்கேயே நடந்துவிடும். துக்கமும் குற்றச்சாட்டும் ஒரே மூச்சில் வருகிற கலை அது. ஷோவாலும் வாலூவும் பத்து நாவலில் செய்ததும் வேறில்லை.

தமிழில் வந்த தொடர்கள் எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. 2022-இல் வந்த 'சுழல்' புஷ்கர், காயத்ரி இருவரின் படைப்பு. மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாட்களோடு பின்னி, காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடுகிற கதை. நமக்குப் பக்கத்தில் மேல்மலையனூரில் மாசி அமாவாசையன்று அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் புறப்படுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தாளம் உடனே பிடிபடும். சாவைத் தனி மனிதன் ஒருவனின் நெஞ்சுக்குள் பூட்டிவைக்காமல் ஊரே தெருவில் இறங்கி எதிர்கொள்கிற சடங்கு அது. தீமை எங்கோ தூரத்திலிருந்து வரவில்லை என்று சொல்லவும் அந்தத் தொடருக்குத் தைரியம் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 'வதந்தி', ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கியது, இன்னும் ஒரு படி மேலே போயிற்று. செத்துப்போன ஒரு பெண்ணைப் பத்திரிகையும் ஊர்வாயும் சேர்ந்து என்னவெல்லாம் ஆக்கிவிடுகின்றன என்பதே அதன் கதை. அதில் ஓர் எழுத்தாளர்கூட வருகிறார், நாசர் நடித்திருக்கிறார். என் தொழிலைச் செய்கிறவரும் அந்தக் குற்றத்தில் பங்காளிதான் என்று காட்டியதற்காக அந்தத் தொடரை நான் மதிக்கிறேன்.

ஆனால் நல்லது ஒன்று வந்தால் அதன் நகல் ஒன்பது வருகிறது. வாலண்டரின் கதைகளில் அவருடைய கிழத் தகப்பன் ஓர் ஓவியன். ஆயுள் முழுதும் ஒரே ஒரு இயற்கைக் காட்சியைத்தான் திரும்பத் திரும்ப வரைகிறான். சில படங்களில் ஒரு காட்டுக்கோழி இருக்கும், சிலவற்றில் இருக்காது, வாங்குகிறவன் இஷ்டம். நமது தொடர்க்காரர்களுக்கும் அந்தக் கிழவனுக்கும் என்ன வித்தியாசம்? ஒரே துப்பறிவாளன், ஒரே தாடி, ஒரே உடைந்த குடும்பம், ஒரே பிணம். மழை வேண்டுமா, வேண்டாமா? அதுதான் பாக்கி.

"அப்படியானால் தமிழ்நாட்டுப் போலீஸ்காரருக்குத் துக்கமே கிடையாதா? மனச்சாட்சியே கிடையாதா?" என்று கேட்பார்கள். உண்டு, ஐயா, உண்டு! சாத்தான்குளம் நிலையத்திலேயே ஒரு பெண் தலைமைக் காவலர் இருந்தார். அந்த இரவு அங்கே நடந்ததை, விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் வாய் திறந்து சொன்னவர் அவர். கூட வேலை பார்க்கிறவர்களுக்கு எதிராக, அதே கட்டடத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, பயத்தோடு சாட்சி சொன்னார். பயப்படாமல் சொல்லியிருந்தால் அது சினிமா. பயந்துகொண்டே சொன்னாரே, அதுதான் மனிதப் பிறவியின் பெருமை. நமக்கு ஒரு சாரா லுண்ட் வேண்டுமென்றால் இதோ இருக்கிறார். பனி வேண்டாம், ஸ்வெட்டர் வேண்டாம். ஒரு மேஜை, ஒரு காகிதம், வாசலில் சக காவலர்களின் நடமாட்டம் போதும். இந்த இரவை எழுதுவதற்கு எத்தனை கதாசிரியர்கள் முன்வருகிறார்கள்?

எழுத முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தாம் அடிபட்ட கதையை 'லாக்கப்' என்று எழுதினார். அதை ஆதாரமாக வைத்து வெற்றிமாறன் 'விசாரணை' எடுத்தார். இருட்டான கதைதான். ஆனால் அந்த இருட்டில் சாய்ந்துகொள்ளத் தலையணை கிடையாது. பார்த்துவிட்டு எழுந்தவர்கள் பெருமூச்சு விடவில்லை. பேச முடியாமல் வெளியே வந்தார்கள்.

கடைசியாக, தொண்டையில் நிற்கிற ஒன்றையும் சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் இதே புதுச்சேரி நகரத்தில், முத்தியால்பேட்டையில், ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி காணாமல் போனாள். சில நாள் கழித்துச் சாக்கடைக் கால்வாயில் பிணமாகக் கிடைத்தாள். ஊர் கொந்தளித்தது, கடைகள் அடைத்தார்கள், கஞ்சா எங்கிருந்து வருகிறது என்று பெண்கள் தெருவில் நின்று கேட்டார்கள். அந்தக் கேள்வி ஒப்பாரி வழியில் வந்த கேள்வி, அதை வணங்குகிறேன். ஆனால் அந்த நாட்களிலேயே வேறொரு பேச்சையும் தேநீர்க் கடைகளில் கேட்டேன். "அடுத்து என்ன ட்விஸ்ட் வருதுன்னு பாருங்க சார்" என்றார் ஒருவர். கெட்ட மனிதர் அல்ல. பெண் குழந்தைக்குத் தகப்பன். ஒரு குழந்தையின் சாவைத் தொடராகப் பார்க்க அவருடைய கண் பழகிப்போயிருந்தது. எந்தத் தொடர் பழக்கியது என்று நான் கை நீட்டவில்லை. பழகிவிட்டது என்று மட்டும் சொல்லுகிறேன்.

தாராளமாகப் பாருங்கள். டென்மார்க்கையும் பாருங்கள், சாம்பலூரையும் பாருங்கள். எட்டாவது பகுதி முடிந்து திரை இருண்டதும், உங்களை நீங்களே ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: செத்துப்போனவளின் பெயர் என்ன? அது நினைவில் இருந்தால் நீங்கள் பார்த்தது கதை. துப்பறிந்தவனின் வாடிய முகம் மட்டுமே நினைவில் இருந்தால், சாவு வீட்டில் கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு நீங்கள் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.